எலும்புக்கும் ஹார்மோன் வேண்டும்

"ஹார்மோன் எடுத்தா இடுப்பெலும்பு விரியுமா டாக்டர்?" என்னிடம் வரும் திருநங்கையர் பலர் கேட்பது இது. பருவ வளர்ச்சி முடிந்தவருக்கு விரியாது. கொழுப்பு சேர்ந்து இடுப்பின் வடிவம் மாறும், எலும்பு மாறாது. கை கால் எலும்புகளின் முனையில் உள்ள வளர்தட்டுகள் பதின்ம வயது முடிவதற்குள் பெரும்பாலும் மூடிவிடும். ஆணோ பெண்ணோ, அவற்றை மூடுவது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன்தான். ஆண் உடல் தன் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. தட்டுகள் மூடியபின் உயரம் கூடாது, குறையாது. திருநம்பியருக்கும் அப்படியே, டெஸ்டோஸ்டிரோன் குரலை மாற்றும், உயரத்தைத் தராது.

பூப்பை நிறுத்திவைக்கும் ஊசி போடும் சிறுவயதினர் விஷயம் வேறு. ஊசி மட்டும் போடும் காலத்தில் எலும்பின் அடர்த்தி சகவயதினருக்கு ஏறுவதுபோல் ஏறாது. பிறகு ஹார்மோன் தொடங்கினால் மீளும். ஆனால் திருநங்கையரின் முதுகெலும்பு பின்தங்கியே நிற்பதுண்டு. அதனால் ஊசி மட்டும் போடும் அந்தக் காலத்தைக் காரணமில்லாமல் நீட்டக்கூடாது.

நம் ஊரில் எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. நிர்வாணம், அதாவது ஆணுறுப்பையும் விரைகளையும் நீக்கும் ஆபரேஷன், முடிந்ததும் திருநங்கையர் பலர் ஹார்மோனை விட்டுவிடுகிறார்கள். விரை நீக்கியபின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய இல்லை. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் இல்லையென்றால் எலும்பைக் காக்க எதுவுமே மிஞ்சாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஐம்பதை ஒட்டித் தொடங்கும் தேய்மானம் இவர்களுக்கு இருபதுகளிலேயே தொடங்கிவிடுகிறது. எலும்பு முழு வலிமைக்கு வரும் வயதே அதுதான்!

குளியலறையில் லேசாக வழுக்கி மணிக்கட்டு முறிந்து ஒருவர் வந்தார். வயது 36. ஆபரேஷன் 22 வயதில். மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி இரண்டு வருடம் போட்டிருக்கிறார், அப்புறம் எதுவும் இல்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு மிகவும் மெலிந்திருந்தது. "ஆபரேஷன் ஆனா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சேன்" என்றார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

ஆபரேஷனுக்குப் பிறகும் ஐம்பது வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் தொடர வேண்டும், மருத்துவர் சொல்லும் அளவில். கருத்தடை மாத்திரை அதற்கு மாற்று அல்ல. அதிலுள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும், புகைப்பவருக்கு இன்னும் அதிகமாக. வைட்டமின் டி அளவைப் பாருங்கள். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கூழோ களியோ தினம் ஒருவேளை சாப்பிடுங்கள். ஆபரேஷன் முடிந்து ஹார்மோன் இல்லாமல் வருடங்கள் ஓடியிருந்தால், விழுந்து முறியும்வரை காத்திருக்காமல் டெக்ஸா ஸ்கேன் கேளுங்கள்.