ஒரு நாள் மீன் கணக்கு 60 பைட்டில் எப்படி அடங்குகிறது?

போன வாரம் காவடி முடிந்து கோவிலில் ஏழு கறி சாப்பாடு. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, நான் அறிவியல் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் விடவில்லை. அவள் அப்பா இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயிஸிலிருந்து கிளம்பும் சூரைக் கப்பல் ஒன்றில் வேலை பார்க்கிறார். "காகித லாக்புக்கை எடுத்துட்டு டேப்லெட் கொடுத்துட்டாங்கண்ணா. கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர், போன் டவரே கிடையாது. அப்பாவால வீட்டுக்கு ஒரு போட்டோ அனுப்ப முடியல. ஆனா மீன் கணக்கு மட்டும் அன்னைக்கே கரைக்கு வந்துடுதாம். எப்படி?"

பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

முதலில் அந்த லாக்புக்கில் என்ன இருக்கும் என்று பார்த்துவிடலாம். சூரைக்குப் போகும் கப்பல்கள் பல கிலோமீட்டர் நீளக் கயிறு ஒன்றைக் கடலில் விடுகின்றன, அதில் வரிசையாகக் கிளைக் கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. தமிழ்நாட்டில் ஆயிரங்கால் தூண்டில் என்று சொல்வதுண்டு. பெரிய கப்பலில் ஒரே தடவைக்கு மூவாயிரம் கொக்கி வரை போகும். எங்கே விட்டோம், எத்தனை மணிக்கு, எத்தனை கொக்கி, என்ன மீன், எத்தனை மீன், எத்தனை கிலோ, இவ்வளவுதான் ஒரு நாள் பக்கம். இதில் கொக்கி எண்ணிக்கை ரொம்ப முக்கியம். ஆயிரம் கொக்கிக்கு எத்தனை மீன் என்ற விகிதம் வருஷா வருஷம் எப்படி மாறுகிறது என்பதை வைத்துத்தான் கடலில் மீன் கூடுகிறதா குறைகிறதா என்று கணிக்கிறார்கள். ஜப்பான் கப்பல்கள் 1952-இல் இந்தியப் பெருங்கடலில் இந்தத் தூண்டிலை இறக்கின, அவர்கள் எழுதிவைத்த பக்கங்கள் இன்றைக்கும் கணக்கில் பயன்படுகின்றன.

காகிதத்தில் என்ன குறை என்று கேட்கலாம். மாணவனாக இருந்தபோது இரண்டு மாதம் ஒரு அலுவலகத்தில் இந்த லாக்புக் பக்கங்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்தேன். உப்புத் தண்ணீர் பட்டு உப்பிய தாள், ஓரத்தில் காய்ந்துபோன மீன் ரத்தம். ஒரு பக்கத்தில் வாள்மீன் 715 கிலோ என்று தெளிவாக இருந்தது, எண்ணிக்கை 11-ஆ 17-ஆ என்று தெரியவில்லை. நம் ஊரில் பிரெஞ்சுப் பாணியில் 1 எழுதுகிறவர்கள் மேல்கோட்டை நீளமாக இழுப்பார்கள், அது பார்க்க 7 மாதிரியே இருக்கும். வகுத்துப் பார்த்தேன். 11 என்றால் ஒரு மீன் 65 கிலோ, 17 என்றால் 42 கிலோ, இரண்டுமே வாள்மீனுக்கு ஒத்துவரும் எடைதான். அந்தக் கப்பல் வந்து போய் மூன்று மாதம் ஆகியிருந்தது, கேப்டனைக் கேட்க வழியில்லை. 17 என்று போட்டேன். மேற்பார்வையாளரிடம் சொன்னபோது "ஏதாவது ஒன்றைப் போடு" என்றார். இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான், ஏனென்றால் அந்த எண் எங்கோ ஒரு கணக்குக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

தாமதமும் பெரிய தொல்லை. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் என்று ஒன்று உண்டு, அதன் ஒப்பந்தம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது, செஷல்ஸின் விக்டோரியாவில் இருந்து இயங்குகிறது, மொரீஷியஸும் அதில் உறுப்பினர். ஒரு வருஷத்துத் தூண்டில் கப்பல் கணக்கின் இறுதி வடிவம் அடுத்த வருஷம் டிசம்பர் 30-க்குள் வந்தால் போதும் என்பது அங்கே விதி. ஜனவரியில் பிடித்த மீன் கணக்கில் ஏற ஏறக்குறைய இரண்டு வருஷம் கூட ஆகலாம்.

சரி, இப்போது அவள் கேள்விக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கப்பலின் கூரையில் கையகலத்துக்கு ஒரு ஆண்டெனா இருக்கும். அது இரிடியம் செயற்கைக்கோள்களோடு பேசும் வகை என்று வைத்துக்கொள்வோம். 66 செயற்கைக்கோள்கள், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், நூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகின்றன. அவற்றில் குறுஞ்செய்திச் சேவை ஒன்று உண்டு, பரவலாகப் பயன்படும் சிறிய மோடத்தில் ஒரு செய்தி 340 பைட்டைத் தாண்டக் கூடாது. போன் கேமராவில் எடுத்த மூன்று மெகாபைட் படத்தை இதில் அனுப்புவதாக இருந்தால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகளாக உடைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு. அப்பாவின் போட்டோ வராததற்குக் காரணம் இதுதான்.

340 பைட் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். கணினியில் ஒரு தமிழ்க் குறி வழக்கமாக மூன்று பைட் எடுக்கும். "சூரை" என்று எழுதினால் ச, ஊகாரக் குறி, ர, ஐகாரக் குறி என்று நான்கு, மொத்தம் 12 பைட், ஒரே ஒரு மீனின் பெயருக்கு! அதனால் பெயரை அனுப்புவதில்லை. உலக உணவு வேளாண் அமைப்பு ஒவ்வொரு மீனுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறது, மஞ்சள் துடுப்புச் சூரைக்கு ஒய்.எஃப்.டி., வாள்மீனுக்கு எஸ்.டபிள்யூ.ஓ. அது மூன்று பைட். இன்னும் சுருக்கலாம்.

சின்ன வயதில் விளையாடியிருப்போம், ஒருவர் மனதில் ஏதோ நினைத்துக்கொள்வார், மற்றவர் ஆமா இல்லை என்று மட்டும் பதில் வருகிற மாதிரி கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஆமா-இல்லைதான் ஒரு பிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஐந்து கேள்வி கேட்டால் 32 பொருளில் ஒன்றைப் பிடித்துவிடலாம். அந்தக் கப்பலின் தூண்டிலுக்கு வருகிற மீன் 30 வகைக்குள் என்றால் முன்பே ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு ஐந்து பிட்டில் மீனைச் சொல்லிவிடலாம். பத்து கேள்வியில் 1,023 வரை எண்ணிக்கை. பதினாறில் 65,535 கிலோ வரை எடை. ஆக ஒரு மீன் வகைக்கு 31 பிட், நான்கு பைட்டுக்கும் ஒரு பிட் குறைவு. "சூரை" என்ற சொல்லின் இடத்தில் மூன்று வகை மீனின் கணக்கு முழுசாக வந்துவிடுகிறது.

நேரம்? வருஷத்துக்கு 5,25,600 நிமிடம். இருபது கேள்வியில் 10,48,576 வரை பிரித்தறியலாம், அதனால் எந்த நிமிடம் என்பதற்கு 20 பிட் தாராளம். இடம் இன்னும் அழகு. சாயா டி மால்ஹா என்ற கடலடித் திட்டுக்குத் தென்கிழக்கே ஒரு கப்பல் நிற்கிறது, தெற்கே 12.4815 பாகை, கிழக்கே 063.2074 பாகை. இதை எழுத்தாக எழுதினால், திசைக்கு ஓர் எழுத்தும் நடுவே ஓர் இடைவெளியும் சேர்த்து 18 பைட். ஆனால் அட்சரேகைக்கு மொத்தம் 180 பாகை, நான்கு தசம இடம் என்றால் 18 லட்சம் வாய்ப்பு, 21 பிட் போதும். தீர்க்கரேகைக்கு 36 லட்சம், 22 பிட். மொத்தம் 43 பிட், ஆறு பைட்டுக்குள். நான்காவது தசம இடம் என்பது கடலில் சுமார் 11 மீட்டர், கப்பலின் நீளத்தை விடக் குறைவு. இத்தனை பெரிய கடலில் கப்பல் நிற்கும் இடத்தை ஆறு பைட் சொல்லிவிடுகிறது என்பதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கொக்கி எண்ணிக்கைக்கு 12 பிட், பத்து வகை மீன், கப்பல் எண், செய்தி எண், சரிபார்ப்பு எண் எல்லாம் சேர்த்து அறுபது பைட் வரும். ஐந்து நாள் கணக்கே ஒரு செய்தியில் போகும். எல்லாக் கருவியும் இப்படியே அடைப்பதில்லை, அகலமான இணைப்பு உள்ள கப்பல்கள் விரிவான எழுத்து வடிவத்தில் அனுப்புகின்றன. குறைந்த செலவில் அனுப்ப நினைத்தால் வழி இது.

செய்தி மேலே போனதும் அந்தச் செயற்கைக்கோள் பக்கத்துச் செயற்கைக்கோளுக்குத் தள்ளும், அது அடுத்ததற்கு. இரிடியத்தின் வணிகச் செய்திகளைக் கையாளும் நிலையம் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிறது. அங்கிருந்து சாதாரண இணையத்தில் ஏறி நம் தீவுக்கு வருகிறது.

வந்து சேர்ந்ததா என்று கப்பலுக்கு எப்படித் தெரியும்? கரையிலிருந்து ஒரு சின்னப் பதில் திரும்பிப் போகும், வாட்ஸப்பில் இரண்டாவது டிக் மாதிரி. சில சமயம் செய்தி வந்துவிடும், பதில் மட்டும் வழியில் தொலைந்துவிடும். கப்பல் அதே செய்தியை அதே எண்ணோடு மறுபடி அனுப்பும். கரையில் உள்ள கணினி "இந்த எண்ணை ஏற்கெனவே வாங்கிவிட்டேன்" என்று இரண்டாவதை ஒதுக்கிவிட்டு, பதிலை மட்டும் மறுபடி அனுப்பும். அந்தச் செய்தி எண் இல்லாவிட்டால் 23 மீன் 46 ஆகியிருக்கும். சரிபார்ப்பு எண்ணின் வேலை வேறு. முழுச் செய்தியையும் ஒரே பெரிய எண்ணாக எடுத்து, பேசிவைத்த ஒரு எண்ணால் வகுத்து, மீதியைக் கடைசியில் ஒட்டி அனுப்புவது போன்ற ஏற்பாடு அது. வழியில் ஒரு பிட் புரண்டாலும் கரையில் மீதி ஒத்துவராது, "திரும்ப அனுப்பு" என்று பதில் போகும்.

எனக்கு 11, 17 என்று குழம்பியது இங்கே நடக்காது, கையெழுத்தே கிடையாது. கேப்டன் தட்டுகிறபோதே, சராசரி எடை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் டேப்லெட் அங்கேயே கேட்கும், மீன் இன்னும் தளத்தில்தான் கிடக்கும், எண்ணிப் பார்த்துத் திருத்தலாம். அனுப்பிய பிறகு திருத்தினால் பழையது அழியாது, திருத்தம் தனிச் செய்தியாகப் போய் பழைய எண்ணைச் சுட்டும். அப்புறம், கப்பலின் இருப்பிடத்தைத் தனியாகத் தெரிவிக்கும் கருவியும் உண்டு. தூண்டில் விடும்போது கப்பல் வேகமாகப் போகும், இழுக்கும்போது மெதுவாக. அந்தத் தடத்தையும் கேப்டன் எழுதியதையும் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்வது கஷ்டம்.

மாய்பூர்ப் பக்கம் என் மாமா ஒருவர் இருக்கிறார், எத்தனை மீன் மாமா என்று கேட்டால் எண்ணிக்கை சொல்லவே மாட்டார், கண் பட்டுவிடும் என்பார். அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை, ஆனால் இதை ஏற்கவே முடியவில்லை. இந்தக் கடலின் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று 2015-இல் கணித்தார்கள், அதன் பிறகுதான் 2017 முதல் பிடிப்பைக் குறைக்கும் விதி வந்தது. எண்ணிச் சொன்னவர்களால்தான் அதுவும் தெரிந்தது. இன்னொரு ஆதங்கமும் உண்டு. டேப்லெட் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள், வந்து குவியும் தரவை உட்கார்ந்து படிக்க நாலு இளம் ஆய்வாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் ஒதுக்க வேண்டும். செஷல்ஸோடு சேர்ந்து நிர்வகிப்பதையும் சேர்த்தால் நம் கடல் சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர்.

பக்கத்து ரீயூனியன் ஐரோப்பியச் சட்டத்துக்கு உட்பட்டது. அந்தச் சட்டம் 24 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2010-இலும் 12 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு 2012-இலும் மின் லாக்புக்கைக் கட்டாயமாக்கியது. கடலில் இருப்பிடக் கருவி கெட்டுப்போனால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கேப்டனே தன் இடத்தை வேறு வழியில் சொல்ல வேண்டும் என்பதும் அங்கே விதி. அவள் இலையை மடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டதும் அது மாதிரி ஒன்றைத்தான், டேப்லெட் தண்ணியில விழுந்துட்டா என்ன பண்ணுவாங்க என்று.