மணலுக்குள் இருக்கும் மீனை மூக்கால் காணும் சுறா

சுறாவின் முகத்தை நெருக்கத்தில் எடுத்த படம் கிடைத்தால் மூக்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு நாள் மழிக்காத முகம் போலக் கரும்புள்ளிகள் அப்பியிருக்கும். அவை அழுக்கும் இல்லை, மச்சமும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு துளை. தலை முழுக்க நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. லேசாக அழுத்தினால் கண்ணாடி போன்ற ஒரு கூழ் பிதுங்கி வரும்.

1678-இல் இத்தாலியரான ஸ்டெஃபானோ லொரென்சினி இவற்றை விரிவாக எழுதி வைத்தார். அதனால் லொரென்சினிக் குடுவைகள் என்று பெயர். ஆனால் இவை எதற்கு என்று ஏறக்குறைய 300 ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. வெப்பத்தை அறிய என்றார்கள், அழுத்தத்தை அறிய என்றார்கள். மின்சாரத்தை உணர்கின்றன என்பது 1960-களில்தான் தெளிவானது.

ஒவ்வொரு துளையிலிருந்தும் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் ஓடி, சின்னக் குடுவையில் முடிகிறது. உள்ளே இருக்கும் கூழ் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். குழாயின் சுவரோ கடத்தவே கடத்தாது. ரப்பர் உறை போட்ட கம்பி மாதிரிதான். துளை வாயில் இருக்கும் மின்னழுத்தம் வழியில் கசியாமல் குடுவை வரை வந்துவிடும். அங்குள்ள உணர்செல்கள் அதை உடலின் உள்ளே இருக்கும் மின்னழுத்தத்தோடு ஒப்பிடுகின்றன. வித்தியாசம் மாறினால் நரம்பின் துடிப்பு கூடும் அல்லது குறையும்.

நுட்பம் எவ்வளவு தெரியுமா? ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 5 நானோவோல்ட். 1.5 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்தத்தை 3,000 கிலோமீட்டருக்குச் சீராக இழுத்துப் பரப்பினால் வரும் அளவு அது!

சரி, கடலில் மின்சாரம் ஏது? உயிருள்ள எந்த மீனிடமிருந்தும் உப்பு அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள், செவுள் வழியே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் மீனைச் சுற்றி உண்டாகும் மெல்லிய மின்புலம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும்.

இதைச் சோதித்த கால்மைன் என்ற ஆய்வாளரின் 1971-ஆம் ஆண்டுப் பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தட்டை மீனை அகர் என்ற கடற்பாசிக் கூழால் ஆன அறைக்குள் வைத்து மணலில் புதைத்தார். அகர் வாசனையைத் தடுக்கும், மின்சாரத்தை விடும். பசியோடு வந்த சுறா நேராக மீன் இருந்த இடத்தையே தோண்டியது. அகர் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியதும் சுறா தாண்டிப் போய்விட்டது. மின்சாரம் அடைபட்டது, மீன் மறைந்தது. கடைசியில் மீனே இல்லாமல் இரண்டு மின்முனைகளை மட்டும் புதைத்து மீனளவு மின்சாரம் பாய்ச்சினார். சுறா அவற்றையும் கடித்தது.

திருக்கைக்கு இந்தப் புலன் இன்னும் அவசியம். அதற்குக் கண் முதுகுப் பக்கம், வாய் வயிற்றுப் பக்கம். தான் கவ்வும் இரையை அது பார்க்கவே முடியாது. வாயைச் சுற்றியுள்ள துளைகள்தான் வழிகாட்டுகின்றன.

வேட்டைக்கு மட்டும் அல்ல, உயிர் தப்பவும் இது உதவுகிறது. மூங்கில் சுறாவின் குஞ்சு முட்டைக்கூட்டுக்குள் இருக்கும்போதே, எதிரியின் மின்புலம் போன்ற ஒன்றை அருகில் உணர்ந்தால் வாலை ஆட்டுவதையும் செவுள் அசைவதையும் நிறுத்திவிடுகிறது. அதன் மூச்சு அடங்கியதும், அதைக் காட்டிக்கொடுக்கும் மின்துடிப்பும் அடங்கிவிடுகிறது.