தெனாரியம்: சொல்லும் காசும்

தெனாரியம் என்பது பண்டைய உரோமின் வெள்ளிக்காசு. இலத்தீனில் டெனாரியுஸ். 'பத்துப் பத்தாக' என்னும் பொருளுள்ள 'டெனீ' இதன் வேர். கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜோடு இரண்டாம் பியூனிக் போர் நடந்த காலத்தில், பத்து 'ஆஸ்' (வெண்கலக்காசு) மதிப்பில் இதை வெளியிட்டார்கள். கி.மு. 141 வாக்கில் அது பதினாறு ஆஸ் ஆயிற்று. பெயர் மட்டும் பத்திலேயே நின்றுவிட்டது.

இச்சொல் கிரேக்கம் வழியே வடமொழிக்குத் 'தீனார'மாகவும் அரபிக்குத் 'தீனா'ராகவும் போயிற்று. அங்கெல்லாம் அது பொற்காசின் பெயர். இன்றைய குவைத் தினாரும் ஸ்பானிய மொழியில் பணத்தைக் குறிக்கும் 'தினேரோ'வும் டெனாரியுஸிலிருந்து வந்தவையே.

தமிழில் எப்படிச் சொல்வது? பழைய விவிலிய மொழிபெயர்ப்பு 'பணம்' என்றது. பணம் என்பது தென்னிந்தியாவில் புழங்கிய சிறு பொற்காசின் பெயரும்கூட என்பதால் குழப்பம் வரும். பிந்தைய பொது மொழிபெயர்ப்பில் உள்ள 'தெனாரியம்' தமிழ் ஒலிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. முதல் இடத்தில் 'தெனாரியம் என்னும் உரோம வெள்ளிக்காசு' என்று எழுதி, பிறகு தெனாரியம் என்றே தொடர்வதுதான் சரி.

இனி, கையில் உள்ளது தெனாரியம்தானா என்பது. முதலில் எடை. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோம இராத்தல் வெள்ளிக்கு 84 காசு, அதாவது ஒன்று சுமார் 3.9 கிராம். கி.பி. 64-இல் நீரோ அதை 96 ஆக்கியதால் எடை 3.4 கிராமாக இறங்கியது; வெள்ளியின் தரமும் குறைந்தது. விட்டம் 17 முதல் 20 மி.மீ. வரை. தலையில் வாகைமாலைக்குப் பதிலாகக் கதிர்முடி இருந்தால் பெரும்பாலும் அது தெனாரியம் அன்று, கி.பி. 215-இல் காரகல்லா வெளியிட்ட அந்தோனினியானுஸ் வகையாக இருக்கும்.

அடுத்து எழுத்து. சொற்களுக்கு நடுவே பெரும்பாலும் இடைவெளி இராது. உகரத்துக்கும் வகரத்துக்கும் ஆப்பு வடிவ எழுத்து ஒன்றேதான். 'கைசர்', 'அவ்க்' (அகஸ்டஸ்) என்பவற்றை மட்டும் பார்த்து ஆளை முடிவுகட்ட வேண்டாம். அவை பட்டங்கள், ஏறக்குறைய எல்லாப் பேரரசர்களுக்கும் உண்டு. 'அந்தோனினுஸ்' என்ற பெயரும் அந்தோனினுஸ் பயஸ், காரகல்லா, எலகபாலுஸ் மூவர் காசிலும் வரும். முகத்தை ஒப்பிட்டுத்தான் பிரிக்க முடியும். 'திர் பி' (TR P, மக்கள் காவலருக்குரிய அதிகாரம்) என்னும் சுருக்கத்தையடுத்து எண் இருந்தால் நல்லது. அந்த அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால், காசின் ஆண்டே கிடைத்துவிடும்.

கொங்குப் பகுதிப் புதையல்களில் அடிக்கடி வருவது பேரரசர் டைபீரியஸின் காசு. முன்பக்கம் வாகைமாலையுடன் வலம்நோக்கிய தலை. சுற்றிலும் 'தெய்வமான அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்' என்பதன் சுருக்கம். பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். தலைமைப் பூசாரி என்னும் பொருளில் 'பொந்திஃப் மாக்சிம்'.

எடை வெகுவாகக் குறைந்து, தேய்ந்த விளிம்பில் பச்சை தெரிந்தால் உள்ளே செம்பு: வெள்ளித்தகடு போர்த்திய பழங்காலக் கள்ளக்காசு. விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடும் பரப்பில் குமிழ்க்குழிகளும் இருந்தால் அச்சில் வார்த்த போலி. உண்மைக் காசு அடித்து முத்திரையிடப்பட்டது. படமெல்லாம் சரியாக இருந்து எழுத்துகள் மட்டும் பொருளற்ற கோடுகளாக இருந்தால், அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளைப் பார்த்து இந்தியாவிலேயே அடிக்கப்பட்ட பழைய படியாக இருக்கலாம். போலி என்று தூக்கி எறியாமல் தனியே எடுத்து வையுங்கள்.