இரும்பு மாத்திரையும் தேத்தண்ணியும்

வாழைப்பூவை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கொஞ்ச நேரத்தில் கத்தி கறுக்கும். பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருஞ்சாயம் ஆகிறது. தேயிலையிலும் அதே குடும்பத்துத் துவர்ப்புத்தான். துருப்பிடித்த ஆணி ஒன்றைப் பிளேன்டீயில், அதாவது பால் ஊற்றாத தேத்தண்ணியில், ராத்திரி முழுக்கப் போட்டு வையுங்கள், காலையில் மை போலக் கறுத்திருக்கும்.

கிளினிக்கில் தருகிற இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் இதுதான் நடக்கிறது.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்தெடுக்கும் என் அக்கா, பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் தவறாமல் மாத்திரை குடித்தாள். மூன்று மாதமாகியும் ரத்தம் ஏறவில்லை. "ஒழுங்கா குடிக்கிறதில்லையா?" என்று ஏச்சு வாங்கி, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். காலையில் ரொட்டி, சம்பல், தேத்தண்ணி, அந்தத் தேத்தண்ணியிலேயே மாத்திரை. எதோடு குடிக்கிறாய் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உடம்புக்குள் போகிறது. குடற்சுவரில் அதை உள்ளே இழுக்கும் புரதங்கள் இருக்கின்றன. கரைந்து, தனியாக வரும் இரும்பைத்தான் அவற்றால் பிடிக்க முடியும். தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பொலிபீனோல்கள் கவ்விக்கொண்ட இரும்பு பெரிய கூட்டாகிக் கரையாமல் நின்று, மலத்தோடு போய்விடும். சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் இப்படி வீணாகலாம். மீன், இறைச்சியின் இரும்பு வேறு வடிவில் இருப்பதால் அதற்கு இவ்வளவு சேதமில்லை.

சரி, பால் ஊற்றினால்? நாக்குக்குத் துவர்ப்புக் குறையும், அவ்வளவுதான். பாலின் கல்சியமும் இரும்பை மறிக்கும். அதே கிளினிக்கில் தருகிற கல்சிய மாத்திரையை இரும்போடு சேர்த்துக் குடிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். விட்டமின் சி இதற்கு நேரெதிர், இரும்பைக் குடல் ஏற்கும் வடிவில் வைத்திருக்கும். அதை இரும்போடு சேர்த்தே குடிக்கலாம்.

தேத்தண்ணியை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. குளிரிலும் மழையிலும் மலை ஏறி இறங்குகிறவர்களுக்குச் சூடு தருவதே அதுதான். இரும்புக்கு முன்னும் பின்னும் 1 முதல் 2 மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். அக்கா ராத்திரி படுக்கப் போகும்போது வெறும் தண்ணீரில் இரும்பையும், பகல் சோற்றோடு கல்சியத்தையும் குடிக்கத் தொடங்கினாள். அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்தாள். உடம்பு எடுக்காமல் விட்ட இரும்பின் நிறம் அது.

தைராய்டுக்குத் தைரொக்சின் மாத்திரை குடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேத்தண்ணி. இரும்பும் கல்சியமும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி.

அப்புறம், லயத்து வீட்டில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், மாத்திரைகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பென்று நினைத்துச் சிறுபிள்ளை நிறைய இரும்பு மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல், மாத்திரை உறையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.