பக்கியின் மேற்கூரையில் துரு: பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் பக்கம் துரு என்றாலே எல்லோரும் குனிந்துதான் பார்ப்பார்கள். சேசிஸ், கதவின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு. நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பக்கியின், அதாவது பின்னால் சரக்குத் தட்டு உள்ள பிக்கப் வண்டியின், மேற்கூரை கண்மட்டத்துக்கு மேலே இருப்பதால், வண்டியைக் கழுவும்போதுகூடக் கை எட்டுகிற வரைதான் துடைக்கிறோம். மேலே பெயிண்ட் கொப்புளமாக எழும்பி, உதிர்ந்து, மழையில் பழுப்பு நீர் கண்ணாடியில் கோடு போட்ட பிறகுதான் வண்டி என் டிங்கரிங் பட்டறைக்கு வருகிறது.

வந்ததும் காதில் விழும் முதல் பேச்சு இதுதான்: “அண்ணா, வெள்ளை வண்டிதானே, தேய்ச்சிட்டு சும்மா ஒரு கோட் அடிச்சு விடுங்க. தைப்பூசத்துக்குக் காவடி ஏத்திட்டுப் போகணும்.” அந்த ஒரு கோட் ஏன் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மேலே தெரிகிற கொப்புளம் துருவின் ஆரம்பம் இல்லை. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு கூடும். அப்படி உப்பித்தான் பெயிண்டை மேலே தள்ளுகிறது. ஆகவே கொப்புளம் தெரியும்போது அடியில் வேலை நிறைய நடந்து முடிந்திருக்கும். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்காமல் மேலே எதைப் பூசினாலும் அது மூடிவைப்பதுதான்.

நம் ஊரில் அந்த வழிகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கின்றன. முதலாவது, கூரையின் இரு ஓரமும் ஓடும் கட்டர், அதாவது மழைத்தண்ணீர் வடியும் பள்ளம். நிசான் 1400, பழைய ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டு வைத்து, அந்த இணைப்பின் மேல் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலர் போட்டிருப்பார்கள். வெயிலில் சீலர் காய்ந்து முடி அளவுக்கு வெடித்தால் போதும், தண்ணீர் இரண்டு தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். டோங்காட், ஸ்டேங்கர் பக்கத்து வண்டிகளில் கரும்பு எரிக்கும் காலத்துச் சாம்பலும் அந்தக் கட்டரில் சேர்ந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது, முன்கண்ணாடியின் மேல் ரப்பருக்கு அடியில். மூன்றாவது, நாமே போட்ட ஓட்டைகள். தூண்டில் கம்பு வைக்க, ஏணி கட்ட என்று ரேக் பொருத்தும்போது டிரில் போட்ட விளிம்பில் பெயிண்ட் இருக்காது. சார்டின் மீன் சீசனில் கடற்கரை மணலிலேயே நிற்கிற வண்டி என்றால், அந்த விளிம்பில் உப்புக்காற்று நேராகப் போய் வேலை செய்யும். உப்பு கலந்த ஈரத்தில் துரு வேகமாகப் பரவும் என்பது கடலோரத்தில் இருக்கும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே வேலை வெளியே ஆரம்பிப்பதில்லை, உள்ளே ஆரம்பிக்கிறது. கூரையின் உள்பக்கத்தை மூடியிருக்கும் ரூஃப் லைனிங்கை இறக்கிப் பாருங்கள். சில வாரங்களுக்கு முன் வந்த ஒரு பழைய ஹைலக்ஸில், வெளியே காசளவு புள்ளிகள் ஐந்தாறுதான். லைனிங்கை இழுத்ததும் அதன் ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக மடியில் கொட்டியது. கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நெடுக, தகடும் சட்டமும் ஒட்டியிருந்த இடம் முழுக்க அடுக்கடுக்காகத் துரு. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தியதும் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “போன வருஷம்தானே இதுக்குப் பெயிண்ட் அடிச்சேன்” என்றார்.

துரு எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலை. மேலோட்டமான துரு என்றால் வயர் பிரஷ், 80-ஆம் நம்பர் உப்புத்தாள் கொண்டு பளபளவென்று வெறும் தகடு தெரியும் வரை எடுக்க வேண்டும். துரு நின்ற இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் இரண்டு அங்குலமாவது நல்ல பெயிண்டையும் உரித்துப் பாருங்கள். அதன் அடியில் துரு ஊர்ந்து போயிருக்கும். கிரைண்டர் போடுவதற்கு முன் கண்ணாடியை மூட மறக்காதீர்கள். பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளிப் புள்ளியாகப் பதிந்துவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

தகட்டில் குழி விழுந்து, குழிக்குள் கறுப்பாகத் துரு தங்கியிருந்தால் துருவை வேறு பொருளாக மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டர் உதவும். டானிக் அமிலம் உள்ளது துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பாக மாறும். ஆனால் உதிர்கிற துருவின் மேல் ஊற்றினால் பயனில்லை, மேல்தோலை மட்டும் மாற்றிவிட்டு அடித்துருவை அப்படியே விட்டுவிடும். பாஸ்பாரிக் அமிலம் உள்ளது என்றால், டப்பாவில் சொன்னபடி கழுவிக் காயவைக்காமல் அதன் மேல் எபாக்ஸி பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) அடிக்கக் கூடாது, பிடிக்காமல் உரியும்.

ஓட்டை விழுந்துவிட்டதா? அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பது ஒன்றுதான் வழி. 0.8 மி.மீ. தகடு போதும். கூரை பெரிய தட்டையான பரப்பு, சூடு தாங்காது. ஒரே மூச்சில் வெல்டு ஓட்டினால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைத்து, ஆறவிட்டு, பிறகு நடுவில் நிரப்ப வேண்டும். லைனிங், சீட் எல்லாம் வெளியே இருக்க வேண்டும், பேட்டரி கழற்றியிருக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் வேண்டும். துரு தூண்கள் வரை, அதாவது கூரை கதவுச் சட்டத்தோடு சேரும் இடம் வரை இறங்கியிருந்தால் ஒட்டுப் போடுகிற பேச்சே வேண்டாம். வண்டி புரண்டால் தாங்குவது அந்த இடம்தான். கண்ணாடியைப் பசையால் ஒட்டிய வண்டிகளில் கண்ணாடி உட்காரும் விளிம்பு துருத்திருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். துருவின் மேல் ஒட்டிய கண்ணாடி விபத்தில் நிற்காது.

பள்ளத்தை நிரப்ப அப்பும் பட்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஓட்டைக்கு அடியில் வலையோ அலுமினிய டேப்போ ஒட்டி, மேலே பட்டி அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் பார்க்க அழகாக இருக்கும். பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்பக்கம் ஈரம் பட்டுக்கொண்டே இருக்கிற ஓட்டையில் அது எத்தனை நாள் நிற்கும்? வெறும் தகட்டின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் தேவைப்பட்டால் மட்டும் 2, 3 மி.மீ.க்குள் பட்டி, இதுதான் என் முறை. இன்னொரு பழக்கமும் நம் வீடுகளில் உண்டு: வீட்டுக் கூரை ஒழுகலுக்கு வாங்கிய ரப்பர் பெயிண்டில் மிச்சமிருப்பதை வண்டிக் கூரையிலும் பூசிவிடுவது. அது வெளித்தண்ணீரைத் தடுக்கலாம். உள்ளே வேர்க்கிற ஈரத்தையும் பூட்டி வைக்கும். அதை உரித்து எடுக்க எங்களுக்கு ஆகிற நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

பிரைமருக்குப் பிறகு கட்டர் முழுக்கப் பாலியூரித்தேன் சீலர். அதை வெடிப்புத் தெரிகிற இடத்தில் மட்டும் தடவாமல், பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு நெடுகப் போட வேண்டும். பிறகு ஃபில்லர் பிரைமர், 400-ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து 600 வரை தண்ணீர்த் தேய்ப்பு, கடைசியில் பெயிண்ட். உழைக்கிற வண்டிக்கு நான் கிளியர் கோட், அதாவது பெயிண்டின் மேல் அடிக்கும் நிறமில்லாப் பூச்சு, சொல்வதில்லை. நம் வெயிலில் முதலில் உரிவது கூரையின் கிளியர் கோட்தான். இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே வெள்ளைப் பெயிண்டை நேராக அடித்தால் பளபளப்பும் போதும், கீறல் விழுந்தால் சரிசெய்வதும் சுலபம். உள்பக்கச் சட்டங்களுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடித்த பிறகுதான் லைனிங்கை மாட்ட வேண்டும்.

காலநிலையும் பார்க்க வேண்டும். தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரிதான் டர்பனில் காற்றில் ஈரம் அதிகம் உள்ள மாதங்கள். எல்லோரும் அவசரப்படுவதும் அப்போதுதான்! தகட்டின் சூடு பனிநிலையை, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, விட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் பெயிண்ட் விழும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று வறண்டிருக்கும், முடிந்தால் அப்போது கொண்டு வாருங்கள்.

வீட்டிலேயே செய்கிறேன் என்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. 2கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு அடைக்கும். துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடி இல்லாதவர்கள் தேய்ப்பதையும் ஐசோசயனேட் இல்லாத பிரைமரையும் வீட்டில் முடித்துவிட்டு, மற்றதை அடிக்கப் பூத் இருக்கும் பட்டறைக்குக் கொண்டு போகலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்வாகத் தேய்த்து, தூசியைப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் பறக்கவிடாதீர்கள்.

பழைய பக்கி வாங்கப் போகிறவர்களுக்கும் இது பயன்படும். பெயர் மாற்றும்போது வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனை உண்டு என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பட்டிக்கு அடியில் இருப்பதை அங்கே யாரும் சுரண்டிப் பார்ப்பதில்லை. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கூரை ஓரம் நெடுக நகர்த்துங்கள். பிடி தளர்கிற இடத்தில் பட்டி இருக்கிறது. விற்பவர் கூரைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தேன் என்றால், தகடு வெறுமையாக இருந்தபோது எடுத்த படத்தைக் கேளுங்கள். படம் இல்லையென்றால், விலை பேசுவதற்கு முன் லைனிங்கின் ஒரு ஓரத்தை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.