நொடிப்பு, திவால், மஞ்சள் நோட்டீஸ்: ஒரு சொல் விளக்கம்

கடன் கழுத்தை நெரிக்கும் நிலையில் இருப்பவருக்கு நம் ஊர்களில் எளிதாகக் கிடைக்கும் ஆலோசனை, ‘பேசாமல் ஐ.பி. கொடுத்துவிடுங்கள்’ என்பது. அப்படிச் செய்தவரை ‘மஞ்சள் நோட்டீஸ் விட்டுவிட்டார்’, ‘திவாலாகிவிட்டார்’, ‘நொடித்துப் போனார்’, ‘கையை விரித்துவிட்டார்’ என்று பலவாறாகச் சொல்கிறோம். பேச்சில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்கினாலும், சட்டத்தில் இவற்றுள் ஒன்று நிலையையும், ஒன்று மனுவையும், ஒன்று நீதிமன்ற ஆணையையும் குறிக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, மனு போட்ட நாளிலேயே கடன் தீர்ந்துவிட்டதாக நம்பியவர்கள் பலர் பின்னர் பெரிதும் துன்பப்படுகிறார்கள்.

‘ஐ.பி.’ என்பது ‘இன்சால்வென்சி பெட்டிஷன்’ என்பதன் சுருக்கம். சார்பு நீதிமன்றங்களின் வழக்குப் பட்டியலில் இன்றும் இத்தகைய வழக்குகள் ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளோடும் எண்ணோடும்தான் இடம்பெறுகின்றன. அங்கிருந்தே அது கடைத்தெருப் பேச்சுக்கு வந்தது. கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பப்படும் அறிவிப்பு மஞ்சள் தாளில் வந்ததால் ‘மஞ்சள் நோட்டீஸ்’, ‘மஞ்சள் கடுதாசி’ என்ற பெயர்கள் ஏற்பட்டன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ‘இன்சால்வென்ட்’ என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் அவிழ்த்தலையும் கடனைச் செலுத்துதலையும் ஒருங்கே குறித்த ஒரு வினை. அவ்வகையில், தன்மேல் விழுந்த கட்டை அவிழ்க்க இயலாதவர் என்பதே அதன் நேர்ப்பொருள். ‘பாங்க்ரப்ட்’ என்பதோ இத்தாலிய மொழியில் ‘உடைந்த பலகை’ என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. பணம் மாற்றுவோர் சந்தையில் பலகை போட்டு அமர்ந்து தொழில் நடத்திய காலத்துச் சொல் அது.

‘திவால்’ தமிழுக்கு வடக்கிலிருந்து வந்தது. இந்தியில் ‘திவாலா’ என்றும் மராத்தியில் ‘திவாளே’ என்றும் வழங்கும் இச்சொல்லை, நொடித்துப்போன வணிகர் பட்டப்பகலில் தம் கடையில் விளக்கேற்றி வைத்து அதை ஊருக்குத் தெரிவிப்பார் என்ற பழைய வழக்கத்தோடு இணைத்து விளக்குவது மரபு. இலங்கைத் தமிழில் இதே பொருளில் வழங்கும் ‘வங்குரோத்து’, டச்சுக்காரர்களின் மொழியிலிருந்து தங்கிவிட்ட சொல். 2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைத்தபோது, அந்நாட்டுத் தமிழ் இதழ்களில் அச்சொல் நாள்தோறும் இடம்பெற்றது. ஒரு நாட்டுக்கு அதைச் சொல்லும்போது அது பொதுவான வருணனையே; நாட்டை அவ்வாறு அறிவிக்கும் நீதிமன்றம் ஏதுமில்லை. தனிமனிதருக்கு அப்படியொரு நீதிமன்றம் இருக்கிறது என்பதால்தான் சொல்லைக் கவனமாக ஆள வேண்டியிருக்கிறது.

‘இன்சால்வென்சி’க்குத் தமிழில் நிலைபெற்றுவிட்ட இணை ‘நொடிப்பு’ அல்லது ‘நொடிப்பு நிலை’. ‘நொடித்துப் போதல்’ என்ற மக்கள் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டதால் இதற்கு அகராதி தேவைப்படுவதில்லை. நன்றாக இருந்த குடும்பம் வசதி குன்றித் தளர்ந்ததை நம் பாட்டிமார் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். அதில் வசை இல்லை என்பது இச்சொல்லுக்குரிய பெரிய தகுதி. ‘போண்டி’, ‘ஓட்டாண்டி’ போன்ற சொற்கள் மனிதரை இழிவுபடுத்துகின்றன. ‘நொடித்தவர்’ என்பது அவருக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறது. ‘பாங்க்ரப்ட்சி’ என்பதற்கு ‘திவால்’ என்ற சொல்லே செய்தித்தாள்களில் ஊன்றிவிட்டது. 2016ஆம் ஆண்டின் சட்டத்தை ‘நொடிப்பு மற்றும் திவால் சட்டம்’ என்று எழுதுவதை நான் ஏற்கிறேன், ஏனென்றால் அச்சட்டமே இவ்விரண்டையும் தனித்தனிப் படிகளாக வைத்திருக்கிறது. கடனைச் செலுத்த முடியாத நிலை நொடிப்பு. அந்த நிலையிலிருந்து மீள வேறு வழி கைகூடாதபோது, சொத்தைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கும்படி பிறப்பிக்கப்படும் ஆணை திவால்.

இவ்விரண்டுக்கும் இடையில் அச்சட்டம் வைத்திருக்கும் படிக்கு ‘கடன் அடைப்புத் திட்டம்’ என்ற பெயர் பொருந்தும். ‘திருப்பிச் செலுத்தும் திட்டம்’ என்பதும் பிழையில்லை. ஆனால் கடனை ‘அடைக்கிறோம்’ என்று சொல்லிப் பழகிய நாவுக்கு முன்னது இயல்பாக வருகிறது. கடனாளி தம் வருமானத்தையும் சொத்தையும் திறந்து வைத்து, யாருக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்று எழுதித் தருவதே இத்திட்டம். வாக்களிக்கும் கடனீந்தோரின் கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒப்புக்கொண்டால் அது நிறைவேறும். விண்ணப்பித்த நாளிலிருந்தே கடன் தொடர்பான வழக்குகளுக்கு இடைக்காலத் தடை வருகிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் 180 நாள் தடைக்காலம் உண்டு. திட்டம் நிராகரிக்கப்பட்டாலோ பாதியில் முறிந்தாலோதான் திவால் விண்ணப்பத்துக்கு வழி திறக்கும். திவால் ஆணை வந்தபின் ஓராண்டில் விடுவிப்புக்கும் இடம் வைக்கப்பட்டுள்ளது.

ஆனால் இந்த நல்ல ஏற்பாடு இன்னும் எல்லோருக்கும் கிட்டவில்லை. தனிமனிதர்களுக்கான அந்தப் பகுதி, நிறுவனங்கள் வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாதச் சம்பளக்காரருக்கும் சிறு கடைக்காரருக்கும் இன்றும் பழைய சட்டங்களே பொருந்துகின்றன: சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து, அதில் பணம் போட்டிருந்த எண்ணற்ற குடும்பங்கள் நொடித்துப்போன நினைவு மாறாத காலத்தில் எழுதப்பட்டது 1909ஆம் ஆண்டுச் சட்டம். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்று அன்று வைத்த வரம்பு அப்படியே நிற்கிறது. நூறாண்டுக்கு முந்தைய எண்களை வைத்துக்கொண்டு இன்றைய கடனாளியை நடத்துவது நியாயமாகாது. புதிய பகுதியை எல்லோருக்கும் நடைமுறைப்படுத்துவதில் இத்தனை தாமதம் கூடாது.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனுவில் கடனீந்தோர் ஒவ்வொருவரின் பெயரும் தொகையும் இடம்பெற வேண்டும். வங்கிக் கடன், நகைக்கடன், கைமாற்று, சீட்டுப் பாக்கி, மளிகைக் கடைப் பாக்கி என எதையும் விடக் கூடாது. தண்டல்காரருக்கும் மீட்டர் வட்டிக்காரருக்கும் தர வேண்டியதும் அதில் வரும். அவர்களின் வட்டி முறைகளைப் பெயர் சொல்லியே தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கிறது என்பதையும் அந்த நேரத்தில் நினைவில் கொள்ள வேண்டும். நீதிமன்றம் விசாரித்து ‘நொடித்தவர்’ என்று ஆணையிட்டதும், அவருடைய சொத்து நீதிமன்றத்திடமோ, நீதிமன்றம் அமர்த்தும் சொத்துப் பொறுப்பாளரான ரிசீவரிடமோ போய்விடும். அதன்பின் நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் கடனீந்தோர் அவர்மீது தனியே நடவடிக்கை எடுக்க முடியாது. பிடிவாரண்டிலிருந்தும் அவர் காப்பு ஆணை கேட்கலாம். உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழிற்கருவி, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகலன் ஆகியவற்றைத் தொட முடியாது. ஆனால் அடமானம் வைத்த வீட்டின்மீது வங்கிக்குள்ள உரிமை குலையாது. வீட்டுக்கடனிலிருந்து வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணி ஐ.பி. கொடுப்பவர் ஏமாந்து போவார்.

இங்கே நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் சொல் ‘விடுவிப்பு’. ‘நொடித்தவர்’ என்ற ஆணை வேறு, கடனிலிருந்து விடுவிக்கும் ஆணை வேறு. முதல் ஆணையில் குறித்த கெடுவுக்குள் இரண்டாவதைக் கேட்டு மனுச் செய்யாவிட்டால், முதல் ஆணையே நீக்கப்பட்டுக் கடன் முழுவதும் மீண்டும் தலையில் வந்து நிற்கும். விடுவிக்கப்படாத நொடித்தவர் நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ உறுப்பினராக இருக்க முடியாது. தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் அது குற்றம். விடுவிப்புக் கிடைத்தபின்னும் அரசுக்குத் தர வேண்டியது, மோசடியால் ஏற்பட்ட கடன், நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் ஆகியவை தீரா. ஜாமீன் போட்டவரும் தப்ப மாட்டார். கடனாளி விடுபட்ட மறுநாள் வங்கி, அவருக்காக ஜாமீன் போட்ட மைத்துனரின் வீட்டுக் கதவைத் தட்டலாம். ஐ.பி. கொடுக்கச் சொல்பவர்கள் இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்துகொள்வது? ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கு வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் போக 12,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று கொள்வோம். கிரெடிட் கார்டு பாக்கி 4,00,000 ரூபாய், வட்டி மாதம் 3 விழுக்காடு என்றால், வட்டி மட்டும் 12,000 ரூபாய். அவர் வாழ்நாள் முழுதும் கட்டினாலும் அசலில் ஒரு ரூபாய் குறையாது. வட்டியை நிறுத்தி அசலை மட்டும் வாங்கிக்கொள்ள வங்கி இசைந்தால் அதே 12,000 ரூபாயில் 34 மாதங்களில் கடன் அடைந்துவிடும். இவர் நீதிமன்றத்தில் நொடித்தவராக நிற்க வேண்டியதே இல்லை. அவருக்கு வேண்டியது வங்கியோடு பேசி அமைத்துக்கொள்ளும் அடைப்புத் திட்டம். அதே மனிதருக்குக் கடன் 25,00,000 ரூபாய் என்றால், வட்டியே இல்லாவிட்டாலும் 17 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அங்கே திட்டம் என்பது வெறும் ஒத்திவைப்பு. ஜாமீன்தாரர் இல்லாமலும், விற்கத்தக்க சொத்து இல்லாமலும், கடனில் மோசடி இல்லாமலும் இருந்தால் அவருக்கு நொடிப்பு மனு மானமுள்ள வழிதான். அதற்காக அவர் யார் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை.

பழைய சட்டத்திலும் அடைப்புத் திட்டத்துக்கு ஓர் இடம் உண்டு. ‘காம்போசிஷன்’ என்று அதில் வரும் சொல்லை ‘இணக்க ஏற்பாடு’ எனலாம். நம் மக்கள் அதை ‘ராஜி’ என்பார்கள். நொடித்தவர் என்ற ஆணைக்குப் பின்னும் கடனாளி ஒரு திட்டத்தை முன்வைக்கலாம். கடனீந்தோரில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும் கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்கினரும் ஏற்று, நீதிமன்றமும் ஒப்பினால் ஆணை நீக்கப்படும். ஆக, மனுப் போட்டவருக்கும் திரும்பும் வழி அடைந்துவிடுவதில்லை.

எந்த வழியானாலும், மனுவுக்கு முன்பு சொத்தை மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ மாற்றி எழுதி வைப்பது ஆகாது. மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுகளில் விலையின்றி மாற்றிய சொத்தைச் செல்லாதெனக் கேட்க ரிசீவருக்கு உரிமை உண்டு. வேண்டிய ஒருவருக்கு மட்டும் கடைசி மூன்று மாதங்களில் கடனை அடைத்ததும் அவ்வாறே கேள்விக்குள்ளாகும்.

நீதிமன்றத்துக்குப் போகுமுன் பேசித் தீர்க்க விரும்புபவருக்கு மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கு ஏற்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது, அதன்மேல் முறையீடு இல்லை. ஆகவே மாதத் தவணையைக் கட்ட முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே கையெழுத்திட வேண்டும். ‘செட்டில்மென்ட்’ என்று தொகையைக் குறைத்து முடித்தால், கடன் வரலாற்று அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடனாகப் பதிவாகாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு. பெண்களும், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும், குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்டவர்களும் அங்கே கட்டணமின்றி வழக்கறிஞரின் உதவியைப் பெறலாம். கடன் பட்டியல், சம்பளச் சீட்டு, ஜாமீன் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் ஆகிய மூன்றையும் கையோடு கொண்டுபோனால், மனுவா திட்டமா என்பதை அன்றே பேசத் தொடங்கலாம்.