திரையில் கோடு விழுந்தால் கிராபிக்ஸ் கார்டுதான் காரணமா?

திரையில் திடீரென்று வெள்ளைப் புள்ளிகள் மின்னும், குறுக்கே ஒரு கோடு விழும், படம் கட்டம் கட்டமாகச் சிதறும். உடனே "கார்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். போனது கேபிளாக இருக்கலாம், மானிட்டராக இருக்கலாம், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் வெறும் கோளாறாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ளத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். படம் எந்த வழியாகத் திரைக்கு வருகிறது என்று தெரிந்தால் போதும்.

கிராபிக்ஸ் கார்டில் உள்ள சிப், அடுத்து காட்ட வேண்டிய படத்தை வரைந்து, கார்டிலேயே இருக்கும் வீடியோ நினைவகத்தில் எழுதி வைக்கிறது. 1920 x 1080 அளவுள்ள திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், அதாவது படத்தின் நிறப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 8.3 மெகாபைட். சிப்பின் இன்னொரு பகுதி அந்த நினைவகத்தை நொடிக்கு 60 முறை மேலிருந்து கீழாகப் படித்துக் கேபிளில் அனுப்பிக்கொண்டே இருக்கும். மானிட்டருக்குள் இருக்கும் ஒரு சிறிய போர்டு அதை வாங்கி, பேனலின் வரிசைகளுக்கும் நிரல்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். வரைவது, சேமிப்பது, அனுப்புவது, காட்டுவது என்று நான்கு கட்டங்கள். எந்தக் கட்டத்தில் பழுது என்பதுதான் கேள்வி.

முதல் சோதனை ஸ்கிரீன்ஷாட். அது பொதுவாக நினைவகத்தில் இருக்கும் படத்தின் நகல். கேபிளையும் மானிட்டரையும் அது பார்ப்பதே இல்லை. கோளாறு தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கணினியிலோ போனிலோ திறந்து பாருங்கள். அங்கேயும் கோளாறு தெரிந்தால் வரைவதிலோ சேமிப்பதிலோ பிசகு. படம் சுத்தமாக இருந்தால் அதற்குப் பிறகு வரும் கட்டங்களில் தேட வேண்டும். (போன் கேமராவில் திரையைப் படம் பிடித்தால் இது தெரியாது. கேமரா எல்லாக் கட்டத்தின் கோளாறையும் சேர்த்தே பிடிக்கும்.)

இரண்டாவது சோதனை, மானிட்டரின் பட்டனை அழுத்தினால் வரும் மெனு. பிரகாசம், நிறம் எல்லாம் மாற்றுவோமே, அது. அந்த மெனுவை வரைவது மானிட்டரே. கணினிக்கு அதில் வேலை இல்லை. மெனுவின் மேலேயும் கோடு ஓடினால் பழுது மானிட்டரில்தான். இடம் மாறாமல் மேலிருந்து கீழாக நிற்கும் ஒற்றைக் கோடு பெரும்பாலும் இந்த வகை. எவ்வளவு நல்ல கார்டு வாங்கினாலும் அது போகாது.

ஸ்கிரீன்ஷாட்டும் சுத்தம், மெனுவும் சுத்தம் என்றால் முதலில் கேபிளைச் சந்தேகிக்கலாம். மேலே சொன்ன அதே திரைக்கு நொடிக்கு சுமார் 300 கோடி பிட் கேபிளில் ஓடுகிறது. சில பிட்கள் தவறினால் அங்கங்கே மின்னும் புள்ளிகள். நிறையத் தவறினால் திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். திரையின் புதுப்பிப்பு வேகத்தையோ ரெசல்யூஷனையோ குறைத்துப் பாருங்கள். அனுப்ப வேண்டிய தரவு குறைந்ததும் கோளாறு மறைந்தால், கேபிளை மாற்றிப் பார்க்காமல் வேறு எதையும் தொட வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட்டிலேயே கோளாறு இருக்கிறதா? சரி, அப்போது பார்வை கார்டின் பக்கம் போகிறது. சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளோ சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களோ தெரிந்தால் நினைவகத்தின் மேல் சந்தேகம் வர வேண்டும். ஒரு படத்தின் தரவை ஒரே நினைவகச் சிப்பில் வைப்பதில்லை. வேகத்துக்காகத் துண்டு துண்டாகப் பல சிப்களில் மாற்றி மாற்றி எழுதுவார்கள். அதில் ஒன்று கெட்டால் அதன் பங்குக்கு வரும் துண்டுகள் மட்டும் கெடும். அதனால்தான் அந்த ஒழுங்கு. நினைவக வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் படம் சீரானால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

டிரைவரா, கார்டா என்று பிரிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கணினியை இயக்கியதும் வரும் பயாஸ் திரையிலேயே கோளாறு இருந்தால் டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. அது இன்னும் ஏறவே இல்லை. விண்டோஸை மீண்டும் நிறுவுவதும் வீண். ஆனால் பயாஸும், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடும் சுத்தமாக இருப்பதால் மட்டும் கார்டு நல்லது என்று ஆகிவிடாது. அப்போது கார்டின் மிகச் சிறிய பகுதிதான் வேலை செய்கிறது. பழைய டிரைவரை முழுதாக நீக்கிப் புதிதாக நிறுவிய பிறகும் அதே கோளாறு வந்தால்தான் கார்டு என்று சொல்லலாம். எப்போதாவது ஒரு முறை திரை கறுத்துத் தானாகவே திரும்பி வந்ததா? கார்டு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் அதை மீட்டமைக்கும். ஒரு முறை நடந்ததற்காகக் கவலைப்பட வேண்டாம்.

வாங்கப் புறப்படும் முன் கார்டைக் கழற்றித் தூசி தட்டி மறுபடி செருகிப் பாருங்கள். செயலியிலேயே கிராபிக்ஸ் இருந்தால், கார்டு இல்லாமல் மதர்போர்டின் போர்ட்டில் மானிட்டரை இணைத்துப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை. கார்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. சூட்டில் விரிசல் விட்ட இணைப்புகள் கொஞ்ச காலம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இந்த விரிசல் சாதாரண விஷயமும் அல்ல. லேப்டாப் சிப்களின் பொதியமைப்புப் பொருளில் இருந்த பலவீனத்துக்காக, 2008 ஜூலையில் என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டி வந்தது.

கார்டுதான் என்று உறுதியானால், நான் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் மின்சாரத்தைப் பார்ப்பேன். மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு வரும் 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் 150. உங்கள் பவர் சப்ளையில் எந்த இணைப்பு இருக்கிறதோ அதுவே எல்லை. அப்புறம் கேபினெட்டுக்குள் கார்டின் நீளமும் தடிமனும் அடங்குமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஸ்லாட்டின் தலைமுறை பழையது என்றாலும் புதிய கார்டு பொதுவாக வேலை செய்யும். சிலவற்றில் மட்டும் சிக்கல் உண்டு. ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் 4 தரவுத் தடங்கள்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறை 3 ஸ்லாட் உள்ள மதர்போர்டில் போட்டால் வேகம் நன்றாகவே அடிவாங்கும். இன்டெல் ஆர்க் கார்டுகள் முழு வேகத்தில் ஓட ரீசைசபிள் பார் என்ற வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரே வீச்சில் அணுக விடுவது) மதர்போர்டில் இருக்க வேண்டும். பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இன்றைய கார்டுகள் அனலாக் சிக்னல் தருவதில்லை, மாற்றித் தரும் சிப் உள்ள அடாப்டர் தேவைப்படும்.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பெரிய ஆபத்து. என்விடியாவின் ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வந்தன. ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதில் தரவு வேகம் நொடிக்கு 48 ஜிகாபைட். பிறகு வந்த டிடிஆர்4 வகையில் 16.8. மூன்றில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ அருகில்! அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படுவது அரிது. அதனால் பெட்டியின் பின்பக்கத்தில் நினைவகத்தின் வகை, அளவு, பஸ் அகலம் (சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையே ஒரே நேரத்தில் எத்தனை பிட் போகும் என்பது) மூன்றையும் படித்துவிட்டே வாங்குங்கள். ஒருவர் பயன்படுத்திய பழைய கார்டு என்றால், கடைக்காரர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் ஒரு முப்பரிமாணச் சோதனையை ஓட்டச் சொல்லுங்கள். நினைவகக் கோளாறு பெரும்பாலும் கார்டு சூடான பிறகுதான் தலைகாட்டும்.